துரைக்கண்ணு சுற்றிக்காட்டிய தெரு

திருத்தணி செக்குமேட்டுத் தெருவில் போய் துரைக்கண்ணு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தாயம்மா வீட்டுக்காரர் என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்கள். காட்டுவது வீட்டைத்தான், ஆளை அல்ல. ஆளைப் பார்த்தவர்கள் அந்தத் தெருவில் குறைவு. முப்பது வருஷத்துக்கு மேலாக மனிதருக்கு அம்பத்தூரில் ஒரு பம்ப்பு கம்பெனியில் வேலை. விடிவதற்கு முன்னால் மொபெட்டை உதைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால், இருட்டிய பிறகுதான் வீடு. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடைக்கும். அதைத் தூங்கியே தீர்த்துவிடுவார்.

ரயிலில் கேட்டுப் பாருங்கள், கதையே வேறு. சீசன் டிக்கெட்காரர்களின் பெட்டியில் அவர் வைத்ததுதான் சட்டம். கடம்பத்தூரில் ஏறுகிறவருடைய பங்காளிச் சண்டையைத் தீர்த்துவைத்தது துரைக்கண்ணு. திருவள்ளூரில் ஏறுகிற பையனுக்குப் பெண் பார்த்தது துரைக்கண்ணு. யாருக்கு எந்த ஜன்னல் என்பதுகூட அவர் சொல்படிதான். ஊர், உறவு, தெரு, திண்ணை எல்லாமே அவருக்கு அந்தப் பெட்டிக்குள் இருந்தன.

போன வருஷம் வேலை ஓய்ந்தது. ரயில் மட்டும் அவரை விட்டுவிட்டு வழக்கம்போலப் போய்வந்துகொண்டிருந்தது. பகல் வெளிச்சத்தில் சொந்தத் தெருவில் நிற்கவே மனிதருக்குக் கூச்சமாகிவிட்டது. டீக்கடைக்குப் போனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் பேச்சு நின்றுபோகும். ஒருநாள் ஒரு நல்ல மனிதர், இவரை வெளியூர்க்காரர் என்று நினைத்துக்கொண்டு, கேட்காமலே மலைக்கு வழி சொன்னார். துரைக்கண்ணுவும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, அவர் பார்க்கிறாரே என்பதற்காக அந்த வழியாகவே கொஞ்ச தூரம் நடந்தும் போனார்.

இங்கே நமக்கு யார் இருக்கிறார்கள், ஆவடிக்கே போய்விடலாம் என்று அவர் சொல்ல ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஆவடியில் இருக்கும் மகன் பிரகாஷுக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. வீட்டை வாங்க ஆள்கூடப் பார்த்துவிட்டான். வீடு புருஷன் பெண்டாட்டி இருவர் பேரிலும் இருந்தது. தாயம்மாள் சண்டை போடவில்லை. கையெழுத்துப் பேச்சு வரும்போதெல்லாம் அடுப்பில் ஏதாவது தீய்கிறது என்று எழுந்து போய்விடுவாள்.

இந்தச் சமயத்தில்தான் மோனிஷா வந்தாள். தனியார் பள்ளி ஒன்றில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவள். நாலைந்து நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு மாதம் ஒரு ஞாயிறு தெரு உலா என்று ஒன்று நடத்திவந்தாள். ஒவ்வொரு மாதமும் ஒரு தெரு. அந்தத் தெருவில் குடியிருக்கிற ஒருவர் முன்னால் நடந்து, பார்த்ததையும் கேட்டதையும் சொல்லிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் தெருவிலேயே பாட்டோ, மேளமோ, சாக்பீஸில் ரோட்டில் படம் போடுவதோ இருக்கும். வருகிறவர்கள் மலையைப் பார்த்துவிட்டு ஊரைப் பார்க்காமல் போகிறார்கள், இருக்கிறவர்களோ எதையுமே பார்ப்பதில்லை என்பது அவளுடைய குறை. இந்த முறை செக்குமேட்டுத் தெரு என்று சொல்லி, தாயம்மாள்தான் நடத்த வேண்டும் என்று கேட்டு வந்திருந்தாள்.

அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த தாயம்மாள் தலை நிமிராமல், அதெல்லாம் இவர் செய்வார் என்று கத்தியால் புருஷனைக் காட்டினாள்.

மோனிஷா போன பிறகு துரைக்கண்ணு சத்தம் போட்டார். தாயம்மாள் காயை அலசிக்கொண்டே சொன்னாள்: "தெருவ சுத்திக் காட்டிட்டு வாங்க. வந்ததுக்கு அப்புறமும் இங்க நமக்கு ஒண்ணுமில்லன்னு உங்க வாயால சொன்னீங்கன்னா, நான் கையெழுத்து போட்டுட்டு உங்க பின்னாடி வந்துடறேன். மறுபேச்சு பேச மாட்டேன்."

அவருக்கு வந்தது வரட்டும் என்றாகிவிட்டது. வீடு வாங்குகிறவரை அதே ஞாயிறு சாயங்காலம் கூட்டிவரச் சொல்லிப் பிரகாஷுக்கு போன் செய்தார். செய்தாரே தவிர சொல்வதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. தெருவைப் பற்றி நாலு விஷயம் சொல்லேன் என்று மறுநாள் பெண்டாட்டியிடமே போய் நின்றார். முப்பது வருஷமாகக் கேட்காதவர் இப்போது மட்டும் ஏன் கேட்கிறீர்கள் என்றாள் அவள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சாதாரணமாகச் சொன்னாள்.

அது ஆடி மாதம். கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரெங்கும் காவடியும் பாதயாத்திரைக் கூட்டமும். இந்த நெரிசலில் தன் ஆட்கள் தொலைந்துவிடக் கூடாதே என்று மோனிஷா ஆளுக்கொரு துண்டு வாங்கினாள். கடைக்காரரிடம் ஆடிக்கென்று பொதட்டூர்பேட்டையிலிருந்து இறக்கியிருந்த சரக்குதான் இருந்தது. எல்லாம் மஞ்சள். அது போதாதென்று, செக்குமேட்டுத் தெருவைச் செருப்பில்லாமல் நடக்க வேண்டும், அப்போதுதான் தெரு காலுக்குத் தெரியும் என்று ஒரு யோசனை வைத்திருந்தாள். முடிவில் வாசிப்பதற்குக் கல்லூரியில் படிக்கும் திலீப் பம்பை மேளத்தோடு வந்திருந்தான். படித்தவர்கள் கூடி யோசித்தால் இப்படித்தான், எல்லாம் பார்ப்பார்கள், மாதத்தை மட்டும் பார்க்க மாட்டார்கள்.

உலா ஸ்டேஷனிலிருந்து கிளம்பியது. அந்த இடத்தில் துரைக்கண்ணு புலி. பிளாட்பாரத்தில் எங்கே நின்றால் எந்தப் பெட்டி வரும், மழை பெய்தால் எங்கே ஒழுகும், ஓடும் ரயிலைப் பிடிக்கப்போய் யார் வேட்டியைப் பறிகொடுத்தார் என்று வெளுத்துவாங்கினார். கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பஜார் வரைக்கும் அந்தத் தெம்பிலேயே வந்துவிட்டார்.

செக்குமேட்டுத் தெரு முனையில் எல்லோரும் செருப்பைக் கழற்றிக் கையிலிருந்த பையில் போட்டுக்கொண்டார்கள். தெருவுக்குள் நுழைந்ததும் மனிதருக்கு வாய் கட்டிப்போயிற்று.

"இது ஒரு வூடு. பச்ச கேட்டு. இதுல... யாரோ இருக்காங்க," என்றார்.

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்த வீட்டைக் காட்டி, இது மாடி வீடு என்றார். அது எல்லோருக்குமே தெரிந்தது. தன் வீட்டு வாசலில் தாயம்மாள் நிற்பதைப் பார்த்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. பெரியவர் திணறுவதைக் காணச் சகிக்காத திலீப், பேச்சில்லாத இடத்தை நிரப்பலாமே என்று பம்பையை எடுத்து அடித்துவிட்டான்.

அவ்வளவுதான். ஆடி மாதம், மஞ்சள் துண்டு, வெறுங்கால், பம்பை. திருத்தணியில் ஒரு தெரு வேறு என்னதான் நினைக்கும்? படபடவென்று கதவுகள் திறந்தன. குடங்கள் வந்தன. ஸ்கூட்டர் மெக்கானிக் மெஹபூப் பாஷா, வருஷா வருஷம் நடக்கிறவர்களுக்குக் கொடுப்பதுபோல, பாத்திரம் நிறைய மோரோடு பட்டறையிலிருந்து வெளியே வந்தார். இல்லைங்க, நாங்கள் வேறு என்று மோனிஷா சொன்னது பம்பைச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

துரைக்கண்ணுவின் வீட்டுக்கு நேர் எதிர் வீட்டிலிருந்து ஓர் இளம்பெண் மஞ்சள் கரைத்து வேப்பிலை போட்ட குடத்தோடு ஓடிவந்தாள். கவிப்பிரியா என்று பேர். கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்து சில வருஷம் ஆகிறது. கூட்டத்துக்கு முன்னால் நிற்கிறவர்தானே குருசாமி? அவர் கால் நனைய நனையத் தண்ணீர் ஊற்றி, விழுந்து கும்பிட்டாள். இடுப்பிலிருந்த குழந்தையை இறக்கி அதையும் கும்பிட வைத்தாள். எழுந்து கைகூப்பிக்கொண்டு கேட்டாள்:

"எந்த ஊர்லேந்து வந்துகினு கீறீங்க சாமி?"

ஏதாவது ஓர் ஊர் பேரைச் சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம். பள்ளிப்பட்டு என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் எதிரே தாயம்மாள் நிற்கிறாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"சாமி இல்லம்மா நானு. எதிர் வூடு. தாயம்மா வூட்டுக்காரன்."

பம்பை நின்றது. தெருவே அவரைப் பார்த்தது. இனி இந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது, சாயங்காலமே கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். கவிப்பிரியா குடத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அந்த மொபெட்டுக்காரரா நீங்க? விடியகாத்தால உதைப்பீங்களே? எங்க போய்ட்டீங்க இத்தினி மாசமா? உங்க வண்டி சத்தம் கேட்டுத்தானே நாங்கள்லாம் எழுந்து கொழாத்தண்ணி புடிச்சிகினு இருந்தோம். நீங்க நிறுத்தினதுலேந்து பாதி நாள் தண்ணி போயிடுதுங்க."

ஆமாம் ஆமாம் என்று நாலு குடங்கள் ஆமோதித்தன. மோர்ப் பாத்திரத்தோடு மெஹபூப் பாஷா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். நோன்பு மாதத்தில் அந்த வண்டி கிளம்பினால் போதும், நேரமாகிவிட்டது, சீக்கிரம் சாப்பிடுங்கள் என்று அவர் மனைவி ரோஷன் பீ வீட்டில் எல்லோரையும் விரட்டுவாளாம். இந்த வருஷம் அவருக்குக் கடைசி வாய் போகாமலே பாங்கு கேட்டுவிட்டதாம். அந்த சைலன்சர் அடைத்துக்கொண்டிருக்கிறது, சுத்தம் பண்ணிக்கொடுக்கலாம் என்று எத்தனையோ வருஷமாக நினைப்பாராம், வண்டிக்குச் சொந்தக்காரரைத்தான் பிடிக்க முடியவில்லையாம். சொல்லிவிட்டு முதல் டம்ளர் மோரை துரைக்கண்ணுவிடமே நீட்டினார்.

அதற்குப் பிறகு அந்த உலாவை நடத்தியது அவர் அல்ல. தெரு அவரை நடத்தியது. பச்சை கேட்டிலிருந்து வீராசாமி வந்து, யாரோ இல்லை, நான்தான் என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். லுங்கிச் சரக்கு எடுத்துப் பள்ளிப்பட்டு வரை விற்கிறவர். துரைக்கண்ணு வீட்டின் நிழல் மத்தியானத்துக்கு மேல் தெருவில் சாயும் என்பதும், வண்டிக்காரர்களும் பூக்காரியும் அதில்தான் இளைப்பாறுவார்கள் என்பதும், அந்த வீட்டுக்குச் சொந்தக்காரருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிரகாஷ் சின்ன வயதில் யார் வீட்டுக் கூரையில் ஏறி ஓட்டை உடைத்தான் என்பது உட்படப் பலதும் தெரிந்தது. வீட்டுக்கு வீடு நின்று கேட்டார். மோனிஷாவின் ஆட்கள் பின்னால் நின்று கேட்டார்கள். திலீப் பம்பையை மறுபடி எடுத்தபோது தெருப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டு ரோடு முழுக்க சாக்பீஸில் கிறுக்கித் தள்ளின. துரைக்கண்ணு மஞ்சள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வியர்வை மட்டும் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக அவர் எப்போது இருந்தார் என்று அவருக்கே ஞாபகமில்லை.

சாயங்காலம் பிரகாஷ் வீடு வாங்குகிறவரோடு வந்து சேர்ந்தான். அவர்கள் ரோட்டுப் படங்களை மிதிக்காமல் தாண்டித் தாண்டி வர வேண்டியிருந்தது. துரைக்கண்ணு வந்தவரை உட்காரவைத்துக் காபி கொடுக்கச் சொன்னார். பிறகு, மன்னிக்க வேண்டும், வீடு கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டார். பிரகாஷ் அவரைத் தனியாக உள்ளே கூட்டிப்போனான்.

"இன்னா நைனா இது? இங்க ஒருத்தரையும் தெரியாதுன்னு நீதானே சொன்ன?"

"ஆங், சொன்னேன். பாதிப் பேரு இன்னிக்கித்தான்டா தெரிஞ்சாங்க. மீதிப் பேரு கீறாங்களே. அவுங்களத் தெரிஞ்சிக்காம எப்பிடிடா வர்றது?"

அடுக்களையில் காபி ஆற்றிக்கொண்டிருந்த தாயம்மாள் அதைக் கேட்டாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.