ஏழு தரம் கழுவிய மோட்டர்

மோட்டர் திருத்தப் போகிற இடத்தில் எனக்கு வாயை அடக்கத் தெரியாது. அன்று புத்தளத்தில் ஒரு மாவு மில்லின் முற்றத்தில் நின்று நான் போட்ட சத்தம் பள்ளிவாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.

மில்லுக்குச் சொந்தக்காரி, தொண்ணூறில் முஸ்லிம் சனம் விரட்டப்பட்டபோது மன்னாரிலிருந்து வந்த ஒரு ராத்தா. அக்கா என்றால் எங்களுக்கு ராத்தா, அண்ணன் என்றால் நானா. சண்டை முடிந்து அக்கம்பக்கத்தில் பலர் ஊர் திரும்பியபோதும், இந்த மில்லை விட்டுப் போக மனமில்லாமல் இங்கேயே நின்றுவிட்டார். ஆண்துணை இல்லாத வீடு. நோன்புக்கு முந்திய கிழமைகளில் பெண்கள் அரிசி அரைக்க வரிசையில் நிற்பார்கள்; அந்த உழைப்பை வைத்துத்தான் அவருக்கு வருஷத்தில் பாதி ஓடும். அந்த நேரம் பார்த்துப் பழைய மோட்டர் எரிந்துபோனது. சிலாபம் பக்கமிருந்து பாவித்த மோட்டர் ஒன்றை வாங்கி லொறியில் கொண்டுவந்து, பூட்டித் தரச் சொல்லி எனக்கு ஆள் அனுப்பினார்.

நான் போனபோது அது முற்றத்தில் சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது.

"என்ன ராத்தா இது? மழையும் பெய்யல்லையே."

"கழுவின தம்பி. ஏழு தரம். ஒரு தரம் மண் கரைச்சு ஊத்தின."

இறக்கும்போது லொறிக்காரர் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார், இந்த மோட்டர் ஒரு பன்றிப் பண்ணையில் தீனி அரைத்தது என்று. பன்றி பட்ட பொருளை ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால், கழுவினால்தான் சுத்தம் என்பது எங்கள் மார்க்கச் சட்டம். ராத்தா அதை ஒரு குறையும் வைக்காமல் செய்திருக்கிறார். பக்க மூடிகளைக் கழற்றி, உள்ளே செப்புக் கம்பிச் சுருள் வரைக்கும் சேற்றுத் தண்ணீர். அதுவும் உப்புக் கரிக்கிற கிணற்றுத் தண்ணீர்!

அப்போதுதான் கத்தினேன். "மோட்டரை என்ன சட்டி பானைண்டு நெனச்சீங்களா? மேலால கழுவினா போதாதா?"

அவர் திருப்பிக் கத்தவில்லை. "ஊரெல்லாம் கதை போயிட்டுது தம்பி. உள்ளுக்கு ஒரு பொட்டு இரிக்குதுண்டு நெனச்சாலும் ஒருத்தரும் அரிசி கொண்டுவர மாட்டாங்க. நோன்பு வருது. இண்டைக்கே போட்டுத் தாங்கோ." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. என் கோபம் அதோடு இறங்கிப்போனது. பாவமாக இருந்தது.

ஆனாலும் போட்டுக் கொடுக்க முடியாது. கசிவு பார்க்கிற மீற்றரை வைத்தேன். காய்ந்த சுருளென்றால் முள் மேலே எழும்பும்; இதில் பூச்சியத்தை விட்டு அசையவே இல்லை. சுருளிலிருந்து கரண்ட் நேராக மோட்டரின் உடம்புக்கு இறங்கும் என்று அர்த்தம். அந்த மில்லுக்குள் யாரும் செருப்போடு நுழைவதில்லை. மாவு இருக்கிற இடத்தில் செருப்புப் பட்டால் பரகத், அல்லாஹ் தருகிற பெருக்கம், போய்விடுமாம். ஈரச் சீமெந்தில் வெறுங்காலோடு நிற்பார்கள். அன்று சுவிட்சைப் போட்டிருந்தால் மோட்டர் எரிந்தது போகட்டும், ராத்தாவே போயிருப்பார்.

முழுக்கக் கழற்றினேன். சேறும் உப்பும் போக நல்ல தண்ணீரால் நானே இன்னொரு தரம் கழுவ வேண்டியிருந்தது. "இது எட்டாவது" என்றேன். ராத்தா அன்று சிரித்தது அப்போது மட்டும்தான். பிறகு தகரப் பெட்டிக்குள் குண்டு பல்புகளை எரியவிட்டு, நடுவில் சுருளை வைத்து நாட்கணக்கில் காயவைத்தேன். "முள் எழும்பிட்டா?" என்று தினமும் கேட்பார், காய்ச்சல்காரப் பிள்ளையை விசாரிக்கிற மாதிரி. நோன்புக்குக் கொஞ்ச நாளே இருந்தபோது எழும்பியது. வார்னிஷ் பூசி, புதுப் பெயரிங் போட்டு, நிலத்தோடு போல்ட் வைத்து இறுக்கினேன். சேலைத் தலைப்பு மாட்டாமல் பெல்ட்டைச் சுற்றிக் கம்பிக் கூடு அடித்தேன். தண்ணீர் வடிகிற பின்பக்க மூலையில் எர்த் கம்பியை ஆழமாக இறக்கினேன். கரண்ட் கசிந்தால் தானே விழுகிற ட்ரிப் சுவிட்சையும் போட்டு, ராத்தா நிற்கிற இடத்தில் ரப்பர் விரிப்பும் விரித்தேன்.

ஓட்டிப் பார்க்கிற அன்று பெண்கள் அரிசிப் பேசனோடு வாசலில் வந்து நின்றார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. ராத்தா தன் அரிசியையே முதலில் போட்டார். மோட்டர் ஒழுங்காகச் சுற்றியது. டெஸ்டரால் பார்த்துவிட்டு, அதன் உடம்பில் என் வலது உள்ளங்கையை வைத்துக் காட்டினேன்.

"பாருங்கோ, ஒண்டும் அடிக்கல்ல."

யாரும் அசையவில்லை. அவர்களுடைய பயம் கரண்டுக்கு இல்லை என்பது என் மரமண்டைக்கு அப்போதுதான் ஏறியது. ராத்தா யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், விழுகிற மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முன்னால் நின்ற பெண் மெல்லக் கேட்டார். "இனி அந்தக் கையைக் கழுவுவீங்களா, நானா?"

அரைக்க வருகிறவர்களின் பிள்ளைகளுக்கென்று ராத்தா தேங்காய்ப்பூவும் சீனியும் வைத்திருந்த தட்டில், சூடாக விழுந்த மாவை அள்ளிப் போட்டேன். அதே கையால் பிசைந்து தின்றேன். எனக்குச் சீனி வருத்தம், இனிப்புத் தொடக் கூடாது. மனைவி கண்டிருந்தால் தொலைத்திருப்பாள். இருந்தாலும் தட்டை வழித்துத்தான் வைத்தேன்.

கேட்ட பெண் செருப்பை வாசலில் கழற்றினார். உள்ளே வந்து பேசனை இறக்கி வைத்தார்.

"எனக்குக் கொஞ்சம் மெல்லிசா அரைச்சுத் தாங்கோ ராத்தா."