இராசேஸ்வரி கவிழ்க்காத மாப்பானை

ஸ்கந்தபுரத்தில் அப்பம் சுட்டு விற்ற இராசேஸ்வரி, புளித்த மாவில் ஒரு கைப்பிடியை மறுநாள் மாவுக்கென்று எடுத்து வைப்பாள். புருசன் பாம்பு கடித்துச் செத்தபோது மட்டும் பானையைக் கழுவிக் கவிழ்த்தாள். செத்த வீட்டில் பழைய மா வைத்திருப்பதில்லை. அதன்பிறகு ஏழு வருடம் பானை வெறுமையாகவில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு ஆவணியில், பல்கலைக்கழகத்திலிருந்து லீவில் வந்த மகன் யோகலிங்கம் மாவைத் தொட்டு நக்கினான்.

"இது பொங்கிறது மதுவத்தாலை அம்மா, ஈஸ்ட் எண்டுறது. கண்ணுக்குத் தெரியாத உயிர்."

"கள்ளு விட்டாப் பொங்கும். இதைப் படிக்கவோ கம்பஸ் போனனீ?"

மதுவத்துக்குள் ஜீன் என்கிற பரம்பரையலகுகள் சில வேலை செய்யாமல் கிடக்குமாம். எழுப்பிவிடுகிற புரதம் பக்கத்திலேயே குந்தியிருக்கும். இன்னொரு புரதம் அதன் வாயைப் பொத்தியிருக்கும். பாலிலுள்ள ஒரு சீனி வந்தால்தான் பொத்தின பிடி விலகும்.

"அதுவரைக்கும் செத்துக் கிடக்குதோ?"

"இல்லையம்மா. சத்தமில்லாமல் இருக்குது."

ஐப்பசியில் பஸ் ஏறியவன் கம்பசுக்குப் போய்ச் சேரவில்லை. விடியலில் மாவில் குமிழி உடையும்போது, யாரோ கதைக்கத் தொண்டையைச் செருமுவதுபோல் இருக்கும். அவள் அகப்பையோடு அப்படியே நிற்பாள்.

தையில் அவளுடைய அண்ணன் கனகலிங்கம் வந்தார்.

"புளியங்குளத்திலை றோட்டோரம் கிடந்த பிரேதங்களுக்குள்ளை ஒண்டின்ரை உடம்பிலை யோகலிங்கம் போட்டிருந்த சேட்டைக் கண்டவங்களாம்."

"முகத்தைக் கண்டவையோ?"

"இல்லை."

"அந்தச் சேட்டு சந்தையிலை ஆருக்கும் விக்கிறாங்கள்."

"பானையைக் கவிழ் பிள்ளை. அந்தியேட்டிக் கிரியையைச் செய்வம். செத்த வீட்டுத் துடக்கெண்டு சனம் உன்னட்டை அப்பமும் வாங்குதில்லை."

"சத்தமில்லையெண்டாச் செத்ததெண்டில்லை அண்ணை."

அவள் சட்டியை அடுப்பில் வைத்தாள். கனகலிங்கம் கோயில் சபைத் தலைவர். துடக்கு வீட்டில் பச்சைத்தண்ணீரும் குடியார். ஒரு அப்பத்தைச் சுட்டு அவர் முன்னால் வைத்தாள்.

"துடக்கெண்டால் எழும்பிப் போங்கோ. இல்லையெண்டால் சாப்பிடுங்கோ."

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு கரையைப் பிய்த்து வாயில் வைத்தார். வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டு ஐயாத்துரை அதைக் கண்டு உள்ளே வந்து, "எனக்கும் நாலு கட்டுங்கோ அக்கா" என்றார்.

கனகலிங்கம் இரண்டு அப்பம் சாப்பிட்டு, கை கழுவி, சைக்கிளை எடுத்தார்.

"போட்டு வாறன்."

எந்த நாளும் போகும்போது, 'மருமோனைச் சுகம் கேட்டதெண்டு சொல்லு' என்பார். அவள் படலையில் நின்றாள். சைக்கிள் வாய்க்கால் வளைவில் மறையும்வரை நின்றாள். அவர் அதைச் சொல்லவில்லை.