பதினான்கு ஏக்கரும் ஒரு வானொலி நிலையமும்

யார் வீட்டுக்குப் போனாலும் வெர்லின் ஹாக்ஸ்டாட் முதலில் ரேடியோ எங்கே என்றுதான் பார்ப்பார். கேட்காமலே அதைத் தன் நிலையத்துக்குத் திருப்பிவிட்டுத்தான் தொப்பியைக் கழற்றுவார். இருபத்திரண்டு வருடம் அவர் நிலையத்தில் போன் எடுத்தேன், தரை துடைத்தேன். இழவு வீட்டில்கூட அவர் அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் தலை மறைந்ததும் எல்லோரும் பழையபடி திருப்பிக்கொள்வார்கள். அது அவருக்கு மட்டும்தான் தெரியாது.

நெப்ராஸ்கா மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரின் ஏ.எம். வானொலி நிலையத்தை அவர் ஒரு காலத்தில் நான்கு லட்சம் டாலருக்கு வாங்கினார். எழுபத்துநான்கு வயதில் விற்றுவிட நினைத்தார். ஒலிபரப்பு நிற்கக் கூடாது, போட்ட விலையும் குறையக் கூடாது என்பது அவர் நிபந்தனை. ஒமாஹாவிலிருந்து வந்த தரகர் ஒலிபரப்புக் கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அடியில இருக்கற பதினாலு ஏக்கர் நல்ல மண்ணுங்க."

வேறு எதையும் அவர் புகழவில்லை. காப்பிகூடக் கொடுக்காமல் வெர்லின் அவரை அனுப்பிவிட்டார்.

காலை ஒன்பது மணிக்கு எங்கள் சந்தை நிகழ்ச்சி. ஊர்க்காரர்கள் போனில் கோழி, டிராக்டர் டயர், பழைய மெத்தை எல்லாம் விற்பார்கள். நேரலையில் பேரம் பேசக் கூடாது. அது வெர்லின் போட்ட விதி. பேசினால் இணைப்பை வெட்டிவிடுவார். மறுநாள் அதில் அவரே விற்க வந்தார்.

"ஒரு ரேடியோ நிலையம். நல்லா ஓடுது. நாலு லட்சம்."

முதலில் கறிக்கடை ரோலண்ட் கூப்பிட்டார். "கோபுரத்த மட்டும் தனியாத் தருவியா? மேல உக்காந்து மான் சுடலாம்."

"இருநூறு அடிய்யா அது. மானெல்லாம் எறும்பாத் தெரியும்."

அடுத்து ஆர்டிஸ் கிழவி. "வெர்லின், அங்க ஒரு ஃப்ரீசர் இருந்துச்சே, அதுவும் சேத்தியாப்பா?"

மூன்றாவது, பக்கத்து வயல் டெல்மர்.

"நிலத்தக் குடு. ஒண்ணேகால் லட்சம் தர்றேன்."

"நிலையம்?"

"அத நீயே வச்சுக்க."

"டெல்மர், நீ நம்ம நிலையத்தக் கேக்கறதே இல்லையா?"

"எங்கிட்ட விக்க ஏதாவது இருந்தா கேப்பேன்."

வெர்லினின் விரல் வெட்டும் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தவில்லை. அன்றைக்கென்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. அவர் வெட்டாததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். அதற்குமேல் ஒருவரும் ஒரு டாலர்கூடச் சேர்த்துக் கேட்கவில்லை. நிலம் அந்த விலைக்கே டெல்மருக்குப் போனது. ஒலிபரப்பு உரிமத்தை இலவசமாகக் கொடுக்கிறேன் என்று மூன்று மாதம் அலைந்தார். ஆள் இல்லை. அரசாங்கத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போது அந்தப் பதினான்கு ஏக்கரில் டெல்மரின் சோயா நிற்கிறது. எங்கள் ஊருக்கு வானொலி நிலையம் இல்லை. நான் பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறேன்.