கொசுறு இல்லாத ஆட்டம்

எங்கள் தெருப் பிள்ளைகளே, பண்டம் மாற்றி ஆடும் அந்தப் பலகை விளையாட்டில் ஜெயிப்பது எப்படி என்று எழுதச் சொன்னீர்கள். நான் அதிகம் தோற்றவன். ஆனால் தோற்றவனுக்குத்தான் எங்கே தோற்றோம் என்பது நன்றாக ஞாபகம் இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

அப்போது விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறையில் வேலை பார்த்தேன். கரைத்த களிமண்ணை அச்சுகளில் ஊற்றி, அது இறுகும் வரை நின்று, மிச்சத்தைக் கவிழ்த்து வடிக்க வேண்டும். வாரத்தில் ஆறு நாளும் நின்றே வேலை. ஞாயிற்றுக்கிழமை உட்கார இடம் கிடைத்தால் போதும் என்றிருக்கும். என்னோடு வேலை பார்த்த மங்கலம்பேட்டைக்காரர் ஒருவரின் தம்பி, துபாயிலிருந்து வரும்போது அந்த விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். அவர் வீட்டில் யாரும் ஆடவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அப்போதுதான் பத்தாம் வகுப்பு முடித்திருந்த என் மகள், ஆங்கிலத்தில் இருந்த விதிகளை இரண்டு நாள் உட்கார்ந்து படித்து எங்களுக்குச் சொன்னாள்.

தீவு மாதிரி ஒரு பலகை. களிமண், மரம், ஆடு, நெல், கல் என்று ஐந்து பண்டம். பெட்டியில் கோதுமைதான் போட்டிருந்தது, நாங்கள் நெல் என்றே சொன்னோம். பகடையில் விழும் எண்ணுக்குத் தக்கபடி பண்டச் சீட்டு கிடைக்கும். இருப்பதைக் கொடுத்து இல்லாததை வாங்கி, பாதை போட்டு, வீடு கட்டி, வீட்டை மாளிகையாக்க வேண்டும். முதலில் பத்துப் புள்ளி எடுப்பவர்தான் ஜெயித்தவர்.

நான் முதல் நாளே களிமண் பக்கமாகப் போய் உட்கார்ந்தேன். வேறெங்கே போவேன்? ஆரம்பத்தில் எல்லாரும் என்னிடம்தான் வந்தார்கள். பாதைக்கும் வீட்டுக்கும் களிமண் வேண்டும். ஆனால் மாளிகைக்கு வேண்டியது மூன்று கல்லும் இரண்டு நெல்லும்தான். பாதி ஆட்டம் தாண்டியதும் என் களிமண்ணைச் சீண்ட ஆளில்லை. ஏழு விழுந்தால், கையில் ஏழு சீட்டுக்கு மேல் வைத்திருப்பவர் பாதியை இழக்க வேண்டும். நான் சேர்த்துச் சேர்த்து வைத்து, ஒவ்வொரு தடவையும் பாதியை இழந்தேன்.

என்னிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. ஒரு சீட்டு மாற்றினால், கூடவே இன்னொன்றைக் கொசுறாகத் தள்ளிவிடுவேன்.

"அப்பா, இது என்னா காய்கறிக் கடையா? கருவேப்பிலை மாதிரி அள்ளி அள்ளிப் போடுறீங்க!" என்று மகன் சிரிப்பான். அவன் அப்போது ஏழாவது படித்தான்.

"கொசுறு இல்லாம என்னாடா யாவாரம்?"

"ரூல்ஸ்ல இல்லப்பா," என்பாள் மகள். ஆனாலும் எடுத்துக்கொள்வாள்.

அந்த மாதம்தான் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய விண்ணப்பப் பாரம் ஒன்றை வாங்கி வந்தாள். பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் எடுக்க வேண்டும், அப்புறம் நர்சிங் படிக்க வேண்டும் என்றாள். நானோ, பீங்கான் தொழிலுக்கான டிப்ளமோ பக்கத்திலேயே இருக்கிறது, அதில் சேரட்டும் என்று நினைத்திருந்தேன். முடியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. சரி என்று சொல்லவும் பயம். உடம்பில் அசதி வேறு. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"மூணு ஞாயித்துக்கெழம வரிசையா ஜெயி. கையெழுத்து போடறேன்."

முதல் வாரம் ஜெயித்தாள். இரண்டாம் வாரமும் ஜெயித்தாள். மூன்றாவது வாரம், நாங்கள் போட்ட சத்தம் தாங்காமல் என் மனைவியும் வந்து உட்கார்ந்தாள். "எனக்கும் ஒரு கலரு குடுங்க, சும்மா இருக்கறதுக்கு இது மேலு" என்றாள். வாயைத் திறக்காமல் ஆடினாள்.

மகளுக்கு ஒன்பது புள்ளி ஆகிவிட்டது. ஒரு வீட்டை மாளிகையாக்கினால் முடிந்தது. அதற்கு இன்னும் இரண்டு கல் வேண்டும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தாள்; மாற்றிக் கொடுக்க அவளிடம் ஒரு ஆடுதான் இருந்தது. என்னிடம் இரண்டு கல் இருந்தது.

"அப்பா, ஒரு ஆடு தரேன். ஒரு கல்லு குடுங்க."

நான் இரண்டையும் தள்ளினேன். "இந்தா, ஒன்னு கொசுறு."

இதை மறைக்காமல் எழுதுகிறேன். அன்றைக்கு அது பழக்கத்தில் வந்த கை இல்லை. அவளுக்கு இரண்டு வேண்டும் என்று தெரிந்துதான் கொடுத்தேன். வாயால் சரி என்று சொல்லாமல் முடித்துவிடலாம் என்று பார்த்தேன்.

அவள் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி வைத்தாள்.

"போன வாரம் நீங்க குடுத்த கொசுறு மரத்துலதான் பாதை போட்டு ஜெயிச்சேன். அதுவே உறுத்திக்கினு இருக்குது. கையெழுத்து போடறதுன்னா சும்மா போடுங்கப்பா. ஆட்டத்துல வச்சி எனக்குப் பிச்சை போடாதீங்க."

மீதிக் கல்லை எடுத்து என் சீட்டுகளோடு வைத்துக்கொண்டேன். அவள் பகடையை அம்மாவிடம் கொடுத்து, தன் முறையை முடித்துக்கொண்டாள்.

என் மனைவி உருட்டினாள். சீட்டுகளை ஒருமுறை பார்த்தாள். "ஏங்க, அவ வேணாம்ன கல்ல எனக்குக் குடுங்க. நானும் ஒரு ஆடு தரேன்."

யோசிக்காமல் கொடுத்தேன். அவள் மூன்று கல்லையும் இரண்டு நெல்லையும் வரிசையாக வைத்து, மாளிகையைத் தூக்கி நட்டாள்.

"பத்து," என்றாள்.

மகன் எழுந்து எண்ணினான். இரண்டு தடவை எண்ணினான். பத்துதான். அவளுக்கு ஒன்பது இருந்ததை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. நான் சொல்லக்கூடிய உபாயங்களில் இதுதான் பெரிது: சத்தம் போடுபவரை விட்டுவிட்டு, சும்மா இருப்பவரின் புள்ளியை எண்ணுங்கள்.

மகள் முகம் இறுகிவிட்டது. மூன்றாவது வாரம் போய்விட்டது. அழவில்லை. சீட்டுகளைப் பிரித்து அடுக்க ஆரம்பித்தாள்.

"ஜெயிச்சவங்களுக்கு என்னா தருவீங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"உனக்கு என்னா வேணும்?"

உள்ளே போய் அந்தப் பாரத்தைக் கொண்டுவந்து பலகை மேல் வைத்தாள். "போடுங்க."

"நான் ஜெயிக்கல, எனக்கு வேணாம்," என்றாள் மகள்.

"உனக்கு யாரு குடுத்தா? நான் ஜெயிச்சி நான் கேக்கறேன். கொசுறு இல்ல, மொதலு."

நான் மகளைப் பார்த்தேன். "ஆட்டத்துக்காக இல்லம்மா. மொதல்லயே போட்டிருக்கணும். பயந்துட்டேன்" என்றேன். அதைச் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது.

தகப்பனார் கையொப்பம் என்று போட்டிருந்த இடத்தில் பெயரை எழுதினேன். விரல் இடுக்கில் இருந்த மண் காகிதத்தில் வெள்ளையாக ஒட்டியது. மகள் பாரத்தை எடுத்து, அந்த மண்ணை ஊதித் தட்டினாள்.

"பேனாவ மூடி வைங்க, காஞ்சிடும்," என்றாள். கையெழுத்துக்கு அப்புறம் அன்றைக்கு என்னோடு அவள் பேசியது அவ்வளவுதான்.