ஒற்றைச் செருப்பும் ஒரு போட்டோவும்

நேற்று என் மகன் கணினியில் வீட்டுப் படங்களை ஒரு மஞ்சள் உறையிலிருந்து இன்னொரு மஞ்சள் உறைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். நான் பதறிப்போய், "காப்பி எடுக்கறியா, அப்படியே தூக்கிட்டுப் போறியா?" என்று கேட்டேன். "காப்பிதாம்மா. இருக்கறது அங்கேயேதான் இருக்கும்" என்று சிரித்தான். அவனுக்குச் சிரிப்பு. எனக்கோ ராயபுரத்து ரெக்கார்டு ரூமின் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. பழைய தாளும் பாச்சை உருண்டையும், சன்னல் வழியே வரும் கருவாடும் கலந்த வாசனை அது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். ரெக்கார்டு ரூம், காதர் பாயின் ராஜ்ஜியம். பைலை எடுப்பவர் தன் பெயரெழுதிய அட்டையை அந்த இடத்தில் செருகவேண்டும் என்று ஆபீஸ் சட்டம் இருந்தது. ஒருவரும் மதிக்கவில்லை. பாய் தனிச் சட்டம் போட்டார். "பைலு ஓணுமா? ஒரு செருப்ப வச்சிட்டு எட்துகினு போ. அப்பதான் திருப்பித் தருவே." அதனால் எங்கள் ஆபீசில் எந்நேரமும் யாராவது ஒருவர் ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டிருப்பார். தலைமை கிளார்க்குக்கும் அதே கதிதான்.

ஒருநாள் ஆரோக்கியமேரி வந்தாள். எங்கள் கம்பெனிக்காகத் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டிய, நான் நேரில் பார்த்தேயிராத அவள் கணவர் மஞ்சள் காமாலையில் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அவளுக்கு ஏழாவது மாதம். அவளுக்கு வேலை கிடைக்க, அவருடைய பைல் மேலாபீசுக்குப் போகவேண்டும். அதிலிருந்த காகிதங்களுக்கு நான் நகல் அடித்துக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சேரும்போது அவர் கொடுத்த மனுவின் மூலையில் குண்டூசி குத்தியிருந்த அவர் போட்டோவைக் காட்டி மெல்லக் கேட்டாள்.

"வூட்ல இவுரு படம் ஒண்ணுகூட இல்லக்கா. கண்ணாலத்துக்கும் எடுக்கல. பொறக்கப்போற கொயந்தைக்குக் காட்டணும். இதே மாதிரி இன்னொண்ணு எட்துக் குடுப்பியா?"

கார்பன் தாளில் முகம் விழாது. தெருக்கோடி ஸ்டூடியோவில் கொடுத்தால் படத்தைப் படமெடுத்துத் தருவார்கள். "நான் பார்த்துக்கறேன், நீ போ" என்று பெரிய மனுஷி போலச் சொல்லி அனுப்பினேன்.

மதியம் கிளம்பினால், காலில் ஒற்றைச் செருப்பு. வெளியே தார் உருகிக் கிடந்தது. சாயங்காலம் போனால் ஆயிற்று என்று உட்கார்ந்துவிட்டேன். சோம்பேறித்தனம், வேறென்ன சொல்ல? மீதி நகலை அடித்து முடித்து மேஜையில் வைத்தேன். மானேஜர் கடிதம் எழுதக் கூப்பிட்டார். திரும்பி வந்தபோது காதர் பாய் என் இன்னொரு செருப்போடு நின்றுகொண்டிருந்தார்.

"இந்தாம்மா, போட்டுக்க. பைலு மேலாபீஸ் பையில பூட்ச்சி."

போட்டோவைக் கேட்டு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. ஆரோக்கியமேரிக்கு வேலை கிடைத்தது. என்னைத் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். "வுடுக்கா, வேலை கெட்ச்சிச்சே" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள்.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கண்டெய்னர்களை அடுக்கியிருக்கிறார்கள். பாயும் போய்விட்டார். தொண்ணூறுகளில் ஒருநாள் ஆரோக்கியமேரியின் மகள் தன் கல்யாணப் பத்திரிகையோடு வந்தவள், தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எங்கப்பா போட்டாவ கடைசியா பார்த்தது நீங்கதானாமே பெரிம்மா. அவுரு எப்டி இருப்பாரு?"

"உன்னை மாதிரியேதான்" என்றேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. அன்று நான் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை. குண்டூசி துருவேறியிருக்கிறதே, படம் கிழியாமல் எடுக்கவேண்டுமே என்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.