தைலம் வேண்டாம் என்றது ஏன்

பிள்ளைகளே, நேற்றுக் காலை என் முதுகில் தேய்க்க நீங்கள் தைலம் கொண்டுவந்தபோது தள்ளிவிட்டேன். அந்த வாசனை என்னைப் பத்து வயதுக்கு இழுத்துப் போனது.

செஞ்சி மண்டியில் என் நைனா, அதாவது உங்கள் தாத்தா, அறுபதை நெருங்கியும் நாள் முழுக்க நெல் மூட்டை சுமந்தார். ஒரு விடியலில், தூக்கத்தில் முனகியவரின் முதுகில் நானே தைலம் தேய்த்தேன். அவரோடு மண்டிக்கும் போனேன்.

"இன்னா பெருசு, தைலம் மணக்குது? மூட்டையோட நீயும் வுழுந்தா யாரு தூக்கறது? ஊட்டுக்குப் போ," என்றார் மேஸ்திரி.

நைனா குழாயடியில் முதுகைத் தேய்த்துக் கழுவிவிட்டு மேஸ்திரியிடம் திரும்ப ஓடினார். அதற்குள் வேறு ஆளைச் சேர்த்துவிட்டார்கள்.

"உன் கை பட்டதும் வலி போச்சுடா. வேல நாள்ல மட்டும் வாணாம்," என்றார் என்னிடம்.

அறுபதாகும் நானும் மூட்டைதான் சுமக்கிறேன். உங்கள் படிப்பு முடிய இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. அதுவரை என் முதுகு வலிப்பது எங்கள் மேஸ்திரிக்குத் தெரியக் கூடாது.