அடுத்த வீட்டாருக்கான குளிசை

அறுபதுகளின் கடைசியில், ஒழிந்துவிட்டது என்று சொல்லப்பட்ட மலேரியா எங்கள் ஊரான வட்டக்கச்சிக்குத் திரும்பி வந்தது. எங்கள் பக்கத்தில் முதலில் படுத்தவர் என் அப்பா. மலேரியா ஒழிப்பு உத்தியோகத்தர் சைக்கிளில் வந்து இரண்டு விதமான குளிசைகள் தந்தார்.

“வெள்ளை உங்கட காய்ச்சலுக்கு. மண்ணிறம், உங்களைக் கடிக்கிற நுளம்பு அடுத்த வீட்டுக்கு இந்தக் காய்ச்சல் வருத்தத்தைக் கொண்டுபோகாமல் இருக்க. ரெண்டையும் சேர்த்துப் போடுங்கோ ஐயா.”

அந்த மனிதர் உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாது. இரத்தம் ஊறும் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டிருந்தால் அப்பா மறுபேச்சில்லாமல் விழுங்கியிருப்பார். அடுத்த வீட்டாரோடு எங்களுக்கு வாய்க்கால் தண்ணீர்ச் சண்டை. இரண்டு போகமாக முகம் பார்ப்பதில்லை.

“தண்ணியை மறிச்சவங்களுக்காக நான் ஏன் இந்தக் கைச்சலை விழுங்கோணும்?” என்றார் அப்பா.

வெள்ளையை மட்டும் போட்டு முடித்தார். மண்ணிறத்தை ஒரு தகரப் பேணிக்குள் கொட்டி அலுமாரியில் வைத்தார். காய்ச்சல் விட்டது, வயலுக்குப் போனார். பெரிய வெற்றி.

சில கிழமைகளில் அடுத்த வீட்டுக் குழந்தை நடுங்கத் தொடங்கியது. உத்தியோகத்தர் வேறு ஊர்களுக்குப் போயிருந்தார். குழந்தையின் தாய் சண்டையை மறந்து எங்கள் படலையைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்.

“அண்ணை, உங்களிட்டை மலேரியாக் குளிசை மிச்சம் கிடக்கோ?”

அப்பா பேணியை எடுத்துத் திறந்தார். வெள்ளை ஒன்றுகூட இல்லை. அவர்களுக்கென்றே தந்த மண்ணிறம் அத்தனையும் அப்படியே கிடந்தது. வந்துவிட்ட காய்ச்சலை அது தணிக்காது.

பேணியை எட்டிப் பார்த்த அந்தத் தாயின் முகம் மலர்ந்தது.

“இவ்வளவு கிடக்குதே அண்ணை!” என்று கையை நீட்டினார்.